ஏஎன்-1792 தடுப்பூசி ஆய்வு: இரண்டாம் ஊசிக்குப் பின் நடந்தவை

எதைப் பற்றிய பதிவு

அல்சைமர் நோய்க்கு எதிராக நோயாளியின் சொந்த எதிர்ப்புச் சக்தியையே தூண்டிவிட்டுப் பார்த்த முதல் தடுப்பூசி ஏஎன்-1792. அதன் இரண்டாம் கட்ட ஆய்வு 2001-இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தொடங்கியது. 2002 ஜனவரியில் ஊசி போடுவது நிறுத்தப்பட்டது. மருந்து பெற்ற 300 பேரில் 18 பேருக்கு மூளை அழற்சி ஏற்பட்டதாகக் கடைசியில் கணக்கு வந்தது.

தோற்றுப்போன ஆய்வு என்று ஒரு வரியில் இதைக் கடந்துவிடுவது வழக்கம். அது சரியல்ல. அல்சைமர் மூளையில் சேரும் அமிலாய்டு என்ற புரதப் படிவை மனித மூளையிலிருந்து அகற்ற முடியும் என்பது முதன்முதலில் தெரிந்தது இந்த ஆய்வில்தான். படிவு அகன்ற பிறகும் மறதி நோய் முற்றிக்கொண்டே போகலாம் என்பதைக் காட்டியதும் இதே ஆய்வுதான். ஆய்வில் பங்கேற்றவர்களும், அவர்களைப் பராமரித்த வீட்டாரும் கொடுத்த விலை அதிகம். அதனால் நடந்தவை தேதிவாரியாகவும் எண்ணிக்கையோடும் தெரிந்திருப்பது நல்லது.

பின்னணி

அல்சைமர் மூளையில் இரண்டு வகைச் சேதம் தெரியும். நரம்பணுக்களுக்கு வெளியே அமிலாய்டு பீட்டா என்ற புரதத் துண்டு திரண்டு படிவாகிறது. நரம்பணுக்களுக்குள்ளே டாவ் என்ற இன்னொரு புரதம் முறுக்கிக்கொள்கிறது. படிவுதான் முதலில் வருகிறது, மற்றவை அதைத் தொடர்கின்றன என்ற கருதுகோள் 1990-களில் வலுப்பெற்றது. அப்படியென்றால் படிவை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பது அடுத்த கேள்வி.

எலான் நிறுவனத்தில் டேல் ஷெங்க் தலைமையிலான குழு 1999-இல் ஒரு பதில் தந்தது. மனித அமிலாய்டு மரபணு புகுத்தப்பட்ட எலிகளுக்கு அதே அமிலாய்டு பீட்டாவைத் தடுப்பூசியாகப் போட்டார்கள். ஆறு வார வயதிலேயே தொடங்கிய எலிகளுக்குப் படிவு ஏறக்குறைய உருவாகவே இல்லை. பதினோரு மாத வயதில், படிவு தோன்றிய பிறகு தொடங்கிய எலிகளிலும் அது வெகுவாகக் குறைந்தது. எலிகளுக்கு மூளை அழற்சி எதுவும் வரவில்லை.

எலியை வைத்து மனிதரைக் கணிப்பதில் உள்ள இடைவெளி இங்கேயே இருந்தது. எலியின் சொந்த அமிலாய்டு பீட்டா மனிதருடையதிலிருந்து மூன்று அமினோ அமிலங்களில் வேறுபடும். இந்த எலிகளுக்கு மனிதப் புரதம் வெளியிலிருந்து புகுத்தப்பட்ட ஒன்று. மனிதருக்கோ அது பிறந்ததிலிருந்து உடலில் ஓடும் சொந்தப் புரதம். சொந்தப் புரதத்தைத் தாக்கும்படி எதிர்ப்பு மண்டலத்தைப் பழக்கும்போது, அந்தத் தாக்குதல் எந்த வடிவம் எடுக்கும் என்பதை எலியால் சொல்ல முடியாது.

முதல் கட்டம்: 80 பேர், நடுவில் மாறிய ஊசி

ஊசியில் இருந்த முக்கியப் பொருள், ஆய்வகத்தில் செய்யப்பட்டு முன்கூட்டியே திரளவைக்கப்பட்ட 42 அமினோ அமில நீளமுள்ள முழு அமிலாய்டு பீட்டா. அதனுடன் க்யூஎஸ்-21 என்ற அட்ஜுவன்ட், அதாவது எதிர்ப்பு மண்டலத்தைத் தட்டி எழுப்பும் துணைப்பொருள், சேர்க்கப்பட்டது. தென் அமெரிக்காவின் சோப்புப்பட்டை மரத்திலிருந்து எடுக்கப்படும் சபோனின் அது. எதிர்ப்பு மண்டலத்தின் ஒரு வகை வெள்ளணுக்களான டி செல்களையும் வலுவாகத் தூண்டும் இயல்புடையது.

பிரிட்டனில் நடந்த முதல் கட்டத்தில் 80 பேர் சேர்ந்தார்கள். 64 பேருக்கு மருந்து, 16 பேருக்கு வெற்று ஊசி. அமிலாய்டு பீட்டா 50 அல்லது 225 மைக்ரோகிராம், க்யூஎஸ்-21 50 அல்லது 100 மைக்ரோகிராம் என்று நான்கு குழுக்கள். தொடக்கத்திலும், 4, 12, 24-ஆம் வாரங்களிலும் ஊசி.

இந்த நான்கு ஊசிகளுக்குள் எதிர்ப்பொருள், அதாவது அமிலாய்டை இனங்கண்டு பற்றிக்கொள்ளும் புரதம், உருவானது மருந்து பெற்றவர்களில் 23.4 சதவீதத்தினருக்கு மட்டுமே. அடுத்து எடுக்கப்பட்ட முடிவைத்தான் நாங்கள் இந்த நிகழ்வின் திருப்புமுனையாகப் பார்க்கிறோம். கரைசல் நிலையாக இருக்க வேண்டும் என்பதற்காகப் பாலிசார்பேட் 80 சேர்த்து ஊசியின் கலவை மாற்றப்பட்டது. உணவிலும் மருந்திலும் சாதாரணமாகப் பயன்படும் குழம்பாக்கி அது. மாற்றிய கலவையில் 36-ஆம் வாரத்திலிருந்து கூடுதல் ஊசிகள் தொடர்ந்தன. எதிர்ப்பொருள் உருவானவர்கள் 58.8 சதவீதமாக உயர்ந்தார்கள்.

இந்த உயர்வில் எவ்வளவு கூடுதல் ஊசிகளால் வந்தது, எவ்வளவு புதிய கலவையால் வந்தது என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. பழைய கலவையிலேயே கூடுதல் ஊசி பெற்ற ஒப்பீட்டுக் குழு கிடையாது. கலவை மாற்றம் மருந்தாக்கத்தின் வேலையாகக் கருதப்பட்டது. உண்மையில் அது எதிர்ப்பு மண்டலம் பார்க்கும் பொருளையே மாற்றியது.

இரண்டாம் கட்டம்

2001-இல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் லேசானது முதல் நடுத்தரம் வரையிலான அல்சைமர் உள்ள 372 பேர் சேர்ந்தார்கள். 300 பேருக்கு 225 மைக்ரோகிராம் அமிலாய்டு பீட்டாவும் 50 மைக்ரோகிராம் க்யூஎஸ்-21-உம் கொண்ட ஊசி. 72 பேருக்கு வெற்று ஊசி. முதல் நாள், பிறகு 1, 3, 6, 9, 12-ஆம் மாதங்கள் என ஆறு ஊசிகள் திட்டம். எல்லோருக்கும் பாலிசார்பேட் 80 கலந்த புதிய கலவைதான், அதுவும் முதல் ஊசியிலிருந்தே. முதல் கட்டத்தில் இருந்தவர்கள் பழைய கலவையில் நான்கு ஊசி வாங்கிய பிறகே புதியதற்கு வந்தவர்கள். புதிய கலவை மட்டுமே உடலில் ஏறினால் என்ன ஆகும் என்பதற்கு முன்அனுபவம் இல்லை.

கவனிக்கப்பட்டவை

முதலில் நான்கு பேருக்கு மூளை அழற்சி என்று தகவல் வந்தது. மூளையையும் அதைப் போர்த்திய உறையையும் சேர்த்துத் தாக்கும் மெனிங்கோ என்செபலைட்டிஸ் அது. பெரும்பாலானோரிடம் தெரிந்த அறிகுறிகள் மூன்று: குழப்பம், சோர்ந்து மயங்கிய நிலை, தலைவலி.

இதில் உள்ள சிக்கலைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். அல்சைமர் உள்ளவருக்குக் குழப்பம் புதிதல்ல. நேற்று சாயங்காலம் தடுமாறியவர் இன்று காலையிலும் தடுமாறினால், நோயின் போக்கு என்றோ, சிறுநீர்த் தொற்று என்றோ, தூக்கமின்மை என்றோ வீட்டாரும் மருத்துவரும் எடுத்துக்கொள்வது இயல்பு. தலை வலிக்கிறது என்பதைத் தெளிவாகச் சொல்லக்கூட நோயாளியால் முடியாமல் இருக்கலாம். வேறுபாட்டைக் காட்டுவது வேகம்தான். அல்சைமர் சரிவு மாதக் கணக்கில் நடக்கும். அழற்சியின் சரிவு நாள்கணக்கில் நடக்கும். சாப்பாட்டுத் தட்டை எடுத்து வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தவர், மூன்றாம் நாள் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கி வழிந்தால் அது அல்சைமரின் வேகம் அல்ல.

உறுதிப்படுத்தியவை இரண்டு பரிசோதனைகள். மூளைத் தண்டுவட நீரில் வெள்ளணுக்களும் புரதமும் கூடியிருந்தன, ஆனால் கிருமி இல்லை. எம்ஆர்ஐ-யில் மூளையின் வெண்பகுதியில் புதிய மாற்றங்கள் தெரிந்தன.

முழுக் கணக்கு பிறகு வந்தது. திட்டம் பாதியில் நின்றதால் 24 பேர் ஒரு ஊசியும், 274 பேர் இரண்டு ஊசிகளும், 2 பேர் மூன்று ஊசிகளும் பெற்றிருந்தார்கள். அழற்சி வந்த 18 பேரில் 16 பேர் இரண்டு ஊசி பெற்றவர்கள், ஒருவர் ஒன்று, ஒருவர் மூன்று. வெற்று ஊசிக் குழுவில் ஒருவருக்கும் வரவில்லை. முதல் ஊசியிலிருந்து அறிகுறி தோன்றும் வரையிலான இடைவெளியின் நடுமதிப்பு 75 நாள். கடைசி ஊசியிலிருந்து 40 நாள். முதல் ஊசிக்கு ஆறு மாதத்துக்குப் பிறகு புதிதாக யாருக்கும் வரவில்லை.

இரத்தத்தில் இருந்த எதிர்ப்பொருளின் அளவுக்கும் அழற்சி வந்ததற்கும், அதன் கடுமைக்கும் தெளிவான தொடர்பு கிடைக்கவில்லை. எதிர்ப்பொருளை அளந்து ஆபத்தை முன்கூட்டிக் கண்டுபிடிக்கலாம் என்ற வாய்ப்பு இதனால் அடைபட்டது.

எடுக்கப்பட்ட முடிவுகள்

முதல் முடிவு, ஊசியை எல்லோருக்கும் உடனே நிறுத்துவது. நான்கு பேர் என்பது சிறிய எண்ணாகத் தெரியலாம். ஆனால் தடுப்பூசியில் மருந்தை நிறுத்துவது வேறு, மருந்தின் விளைவை நிறுத்துவது வேறு. உள்ளே சென்ற ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது, எதிர்ப்பு மண்டலம் கற்றதை மறக்கடிக்கவும் முடியாது. நிறுத்திய பிறகும் புதிதாக நோயுற்றவர்கள் வந்தது இதனால்தான்.

இரண்டாவது, அழற்சி வந்தவர்களுக்கு ஸ்டீராய்டு சிகிச்சை. 18 பேரில் 12 பேர் சில வாரங்களில் பழைய நிலைக்கோ அதற்கு அருகிலோ திரும்பினார்கள். 6 பேருக்கு நிரந்தரப் பாதிப்பு தங்கிவிட்டது. சிலருக்கு அழற்சி மீண்டும் தலைகாட்டியது.

மூன்றாவது முடிவுக்குப் பெரும்பாலும் கவனம் கிடைப்பதில்லை. யாருக்கு மருந்து, யாருக்கு வெற்று ஊசி என்ற இரகசியத்தைக் காத்தபடியே 12 மாதம் வரை எல்லோரையும் தொடர்ந்து பரிசோதித்தார்கள். ஊசி நின்றதும் கோப்பை மூடியிருந்தால் பின்வரும் எதுவும் தெரிந்திருக்காது.

முதல் கட்டத்தில் இருந்த 72 வயதுப் பெண்மணி

முதல் கட்டத்தில் பங்கேற்ற ஒரு பெண்மணி ஐந்து ஊசிகள் பெற்றார். ஐந்தாவது, பாலிசார்பேட் கலந்த புதிய கலவை. அதற்குச் சுமார் ஆறு வாரம் கழித்து அவர் உடல்நிலை சரிந்தது. முதல் ஊசிக்கு 20 மாதம் கழித்து, கடைசி ஊசிக்கு 12 மாதம் கழித்து, நுரையீரல் இரத்தக்குழாய் அடைப்பால் இறந்தார். அவருக்கு வந்தது மூளை அழற்சி என்பது இறந்த பிறகே உறுதியானது. அவர் மூளையை ஆராயக் கிடைத்த அனுமதியால் 2003-இல் வெளியான அறிக்கை, இந்தத் துறையின் போக்கையே மாற்றியது.

வழக்கமான அல்சைமர் மூளையில் மேற்பட்டை நெடுகப் படிவு புள்ளி புள்ளியாகப் பரவியிருக்கும். இவருடைய மூளையில் பெரும் பகுதிகள் சுத்தமாக இருந்தன. இடையிடையே மட்டும் படிவு மிஞ்சியிருந்தது. மைக்ரோகிளியா என்ற துப்புரவு செல்களுக்குள்ளேயே அமிலாய்டு காணப்பட்டது, அதாவது விழுங்கியதற்கான தடயம். எலியில் நடந்தது மனிதரிலும் நடந்திருந்தது.

மீதமிருந்தவற்றின் பட்டியலும் அதே அறிக்கையில் உண்டு. டாவ் முறுக்குகள் அப்படியே இருந்தன. இரத்தக் குழாய்ச் சுவர்களில் படிந்த அமிலாய்டு போகவில்லை. மூளை உறையில் டி செல்கள் திரண்டிருந்தன. வெண்பகுதியில் மேக்ரோபேஜ் என்ற விழுங்கும் செல்கள் நிறைந்திருந்தன.

பன்னிரண்டாம் மாதக் கணக்கு

இரண்டாம் கட்டத்தில், முன்னரே வகுத்த அளவுக்கு எதிர்ப்பொருள் உருவானது 59 பேருக்கு, 19.7 சதவீதம். நினைவாற்றல் உள்ளிட்டவற்றை அளக்கும் ஒரு நரம்பு உளவியல் சோதனைத் தொகுப்பில் இவர்களின் சராசரி 0.03 கூடியது. வெற்று ஊசிக் குழுவில் 0.20 குறைந்தது. ஆனால் வழக்கமாக முடிவு சொல்லும் மற்ற அளவுகோல்கள் எதிலும் வேறுபாடு இல்லை.

எம்ஆர்ஐ கணக்கு எல்லோரையும் குழப்பியது. எதிர்ப்பொருள் உருவானவர்களின் மூளை 3.12 சதவீதம் சுருங்கியிருந்தது, வெற்று ஊசிக் குழுவில் 2.04 சதவீதம்தான். சுருக்கம் கூடியும் அறிவாற்றல் அதற்கேற்பக் கெடவில்லை. படிவும் அதைச் சுற்றிய வீக்கமும் போனதால் கன அளவு குறைந்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம். இன்றைய எதிர்ப்பொருள் மருந்துகளிலும் இதே சுருக்கம் தெரிகிறது. அது தீங்கற்றதுதான் என்று முடிவாகச் சொல்லும் இடத்துக்கு இந்தத் துறை இன்னும் வரவில்லை.

ஏன் நடந்தது

பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம் இது. அமிலாய்டு பீட்டாவின் முன்முனையை எதிர்ப்பொருள் உருவாக்கும் பி செல்கள் அடையாளம் காண்கின்றன. நடுப்பகுதியிலிருந்து பின்முனை வரையிலான துண்டுகளை டி செல்கள் அடையாளம் காண்கின்றன. படிவை அகற்றத் தேவைப்பட்டது எதிர்ப்பொருள் மட்டுமே. முழு நீளப் புரதத்தைப் போட்டதால் இரண்டு படைகளும் கிளம்பின. க்யூஎஸ்-21 டி செல்களை அழற்சித் திசையில் தள்ளியது. பாலிசார்பேட் 80 சேர்ந்ததும் பின்முனைத் துண்டுகள் டி செல்களுக்கு இன்னும் வெளிப்படையாகத் தெரிந்திருக்க வேண்டும் என்று பின்னர் நடந்த இரத்த செல் ஆய்வுகளை வைத்துக் கருதப்படுகிறது. மூளை உறையில் இருந்த டி செல்கள் இந்த விளக்கத்தோடு ஒத்துப்போகின்றன.

பின்வந்த ஆண்டுகள்

முதல் கட்டத்தில் இருந்தவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து, இறந்தவர்களின் மூளைகளை ஆராய்ந்தார்கள். 2008-இல் வெளியான கணக்கில் 8 மூளைகள். ஊசி பெற்றவர்களில் படிவு குறைந்திருந்தது. ஆனால் அந்த எட்டுப் பேரில் 7 பேர் நோயின் கடைசி நிலையிலேயே இறந்தார்கள், படிவு ஏறக்குறைய முழுவதும் அகன்றவர்கள் உட்பட. 2019-இல் 22 மூளைகளின் கணக்கு வந்தது. ஊசிக்கு 14 ஆண்டுகள் கழித்தும் படிவு திரும்பாத மூளைகள் இருந்தன. இன்னொன்றும் தெரிந்தது: அந்த 22 பேரில் 5 பேரின் மறதிக்குக் காரணம் அல்சைமரே அல்ல. வேறு நோய் உள்ளவர்கள் அல்சைமர் தடுப்பூசியின் ஆபத்தை ஏற்றிருந்தார்கள். இதைப் படிக்கும்போது மனம் கனக்கிறது.

அடுத்து வந்த தடுப்பூசிகள் முன்முனைத் துண்டை மட்டும் எடுத்துக்கொண்டன. சிஏடி106 முதல் ஆறு அமினோ அமிலங்களோடு நின்றது, யூபி-311 பதினான்கோடு. இன்னொரு பக்கம், உடலைத் தூண்டாமல் ஆயத்த எதிர்ப்பொருளையே நரம்பு வழி ஏற்றும் முறை வளர்ந்தது. அமெரிக்காவில் 2023 ஜூலையில் முழு அனுமதி பெற்ற லெக்கனமாபும், 2024 ஜூலையில் அனுமதி பெற்ற டோனனமாபும் அந்த வழியில் வந்தவை. 1,795 பேர் பங்கேற்ற லெக்கனமாப் ஆய்வில் 18 மாதத்தில் நோய் முற்றுவது ஓரளவு தாமதப்பட்டது. நோய் நிற்கவில்லை.

இவற்றிலும் மூளைத் தொந்தரவு உண்டு. ஏரியா என்று அழைக்கப்படும் மூளை வீக்கமும் நுண்கசிவும் அவை. ஏஎன்-1792-இல் வந்த டி செல் அழற்சியோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இரத்தக் குழாய்ச் சுவரில் உள்ள அமிலாய்டோடு இதற்குத் தொடர்பு அதிகம், அல்சைமர் வாய்ப்பைக் கூட்டும் அபோஇ4 மரபணு வகை இரு படிகள் உள்ளவர்களுக்கு ஆபத்தும் அதிகம். லெக்கனமாபில் வீக்க வகை 12.6 சதவீதத்தினருக்கு வந்தது. பெரும்பாலானவை அறிகுறி இல்லாமல் எம்ஆர்ஐ-யில் மட்டும் தெரிந்தவை, ஆனால் உயிரிழப்புகளும் நேர்ந்திருக்கின்றன. டோனனமாபில் வீக்க வகை சுமார் 24 சதவீதம். தொடக்க அளவை 350, 700, 1,050, 1,400 மில்லிகிராம் என்று படிப்படியாக ஏற்றியபோது 24 வாரக் கணக்கில் அது 14 சதவீதமாகக் குறைந்தது. மொத்த மருந்தை விட, அது ஏறும் வேகம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இது நல்ல சான்று.

இன்று செய்தால் மாற வேண்டியவை

நாள் கணக்கைப் பாருங்கள். இரண்டாம் ஊசி சுமார் 30-ஆம் நாள். அறிகுறி வந்தது அதன்பின் 40 நாள் அளவில். அதாவது முதலில் சேர்ந்தவருக்கு எச்சரிக்கை மணி அடிப்பதற்குள், பின்னால் சேர்ந்தவர்களும் இரண்டாம் ஊசியை வாங்கியிருப்பார்கள். ஆகவே எல்லோரையும் ஒரே அலையில் சேர்க்கக் கூடாது. 6 சதவீத ஆபத்துள்ள ஒன்றை 20 பேரில் தேடினால் ஒருவரிடமாவது தெரிய 71 சதவீத வாய்ப்பு. 48 பேரில் தேடினால் 95 சதவீதம். இறுதிக் கலவையையே முதல் ஊசியிலிருந்து பெறும் 50 பேரைக் கொண்டு தொடங்கி, அவர்களுக்கு முதல் ஊசியிலிருந்து ஆறு மாதம் முடிந்த பிறகே அடுத்தவர்களைச் சேர்க்க வேண்டும். காலம் போகும். ஆனால் 300 பேர் ஒரே நேரத்தில் அந்த ஆபத்தில் நிற்க மாட்டார்கள்.

கலவையில் எந்தப் பொருளைச் சேர்த்தாலும், வெறும் நிலைப்படுத்தி ஆனாலும், எதிர்ப்பொருள் அளவோடு டி செல்களின் பதிலையும் அளந்து, பழைய கலவையோடு ஒப்பிட்டு, முதல் கட்டத்தை மீண்டும் நடத்த வேண்டும்.

சேர்க்கும்போதே அமிலாய்டு பெட் ஸ்கேன் அல்லது தண்டுவட நீர்ப் பரிசோதனையால் நோயை உறுதி செய்ய வேண்டும். 2001-இல் அமிலாய்டு ஸ்கேன் நடைமுறையில் இல்லை. இன்று இருக்கிறது, அந்த ஐந்து பேரின் நிலை திரும்ப வரத் தேவையில்லை. தொடக்க எம்ஆர்ஐ இல்லாமல் ஊசி கூடாது. ஆயத்த எதிர்ப்பொருள் சிகிச்சைக்கும் இது பொருந்தும். லெக்கனமாபுக்கு 5, 7, 14-ஆம் மருந்தேற்றங்களுக்கு முன் எம்ஆர்ஐ என்றிருந்ததில், பின்னர் 3-ஆவதற்கு முன்னும் ஒன்று சேர்க்கப்பட்டது.

பராமரிப்பவரிடம் எழுத்தில் கொடுக்க வேண்டியது ஒரு தாள் போதும். "இரண்டு மூன்று நாளுக்குள் குழப்பம் கூடினால், பகலில் எழுப்ப எழுப்பத் தூங்கினால், தலையைப் பிடித்துக்கொண்டால், நடை தள்ளாடினால், காய்ச்சல் வந்தால், அடுத்த சந்திப்புக்குக் காத்திருக்காதீர்கள்" என்ற வரியும், இரவிலும் எடுக்கப்படும் தொலைபேசி எண்ணும், "நோயாளி அமிலாய்டுக்கு எதிரான சிகிச்சை பெற்றவர்" என்று அவசரப் பிரிவு மருத்துவருக்கான குறிப்பும் அதில் இருக்க வேண்டும். இந்தக் குறிப்பு ஆயத்த எதிர்ப்பொருள் பெறுவோருக்கு இன்னும் அவசியம். மூளை வீக்கம் பக்கவாதம் போலவே தோன்றலாம், அப்போது இரத்தக்கட்டி கரைக்கும் ஊசி போட்டுவிட்டால் மூளையில் பெரும் இரத்தக்கசிவு நேரக்கூடும்.

கடைசியாக, மூளையை ஆராய்வதற்கான அனுமதியை ஆய்வில் சேரும் நாளிலேயே, நோயாளி சொந்தமாக யோசித்துச் சொல்லும் தெளிவோடு இருக்கும்போது, குடும்பத்தாரையும் உடன் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும். இறப்புக்குப் பின் சில மணி நேரத்துக்குள் யாரைக் கூப்பிடுவது என்பதும் அந்தத் தாளிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.